புரட்டாசியில் திறக்கும் பீப்பாய்

பூவம்
ஆவணி 16

அன்புள்ள மருமகள் சிவப்ரியாவுக்கு மாமா சுப்பையன் எழுதுவது.

என் கையெழுத்தைப் பார்த்து முகம் சுளிக்காதே அம்மா. ஒரு எழுத்து குண்டாக இருக்கும், அடுத்தது வற்றிப் போயிருக்கும். வரிகள் வரப்பு மாதிரி வளைந்து போகும். மண்வெட்டி பிடித்த கை. பேனா ஒடிந்துவிடுமோ என்று பயந்து பயந்து பிடிக்கிறேன். மன்னித்துக்கொள்.

ஆனால் எழுதுவது நான்தான். சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதியது இல்லை. நீ கொம்யூன் பஞ்சாயத்துக் கட்டடத்துச் சாயங்கால வகுப்பில் என் பெயரைச் சேர்த்துவிட்டுப் போனாயே, அங்கே தாமரைச்செல்வி டீச்சர் சொல்லிக்கொடுத்தது. ரேஷன் கடையில் கைநாட்டு வைக்க மையை நீட்டினார்கள். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். பின்னால் நின்ற சனம் எல்லாம் பார்த்தது.

போனில் பேசலாமே என்பாய். எனக்குக் காது மந்தம். நான் பேசினால் பூவம் முழுக்கக் கேட்கும் என்று உன் அத்தை திட்டுகிறாள். கடிதத்துக்குச் சத்தம் கிடையாது. நீயும் நானும் மட்டும்.

நீயும் கார்த்திகேசனும் வக்கீலிடம் போய்ப் பிரிவதற்குக் கையெழுத்துப் போடப்போவதாகக் கேள்விப்பட்டேன். என் மகன் உன் பிளாஸ்க்கை வாழை மரத்தடியில் கவிழ்த்ததைக் கண்ணால் பார்த்தேன். அன்றைக்கு நீங்கள் பேசியது எதுவும் காதில் விழவில்லை. நீ ஏன் போனாய் என்று நீயே எழுது. தபால்காரர் ராஜ்மோகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். என் கையில்தான் கொடுப்பார்.

சுப்பையன்


புதுச்சேரி
செப்டம்பர் 6, 2025

மாமா,

கவரைப் பார்த்ததும் ஏதோ குழந்தை எழுதியது என்று நினைத்தேன். உள்ளே உங்கள் பெயர். அதற்குப் பிறகு வேலை ஓடவில்லை. டேங்க் கழுவத் தண்ணீரைத் திறந்தவள் மூட மறந்துவிட்டேன்.

கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். ஆனால் இது உங்களோடு இருக்க வேண்டும். அத்தைக்கும் தெரிய வேண்டாம், அவருக்கும் தெரிய வேண்டாம்.

நான் இங்கே செய்வது பீர். கடையிலேயே காய்ச்சி, அங்கேயே மேசையில் பரிமாறுகிற இடம். அவர் தன் பள்ளிக்கூடத்தில் 'ஜூஸ் கம்பெனி' என்று சொல்லி வைத்திருந்தார். ஒருநாள் கூட வேலை பார்க்கிற வாத்தியார்கள் என் படத்தை எங்கோ பார்த்துவிட்டு, "உங்க வீட்டம்மா சாராயம் காய்ச்சுறாங்களாமே சார்" என்று கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். அன்றிலிருந்துதான் சண்டை.

முளைகட்டிக் காயவைத்த பார்லியை உடைத்து, வெந்நீரில் ஊறவைத்து, அந்தச் சாற்றைக் கசப்புப் பூ போட்டுக் காய்ச்சி, ஈஸ்ட் சேர்த்துக் குளிரில் வைப்போம். ஜெர்மனியில் இதிலேயே ஒரு வகை உண்டு. வெயில் ஏறுவதற்கு முன், மார்ச்சில் காய்ச்சி நிலவறையில் வைத்துவிட்டு, இலை உதிரும் காலத்தில் திறப்பார்கள். நம் கணக்கில் பங்குனியில் வைத்துப் புரட்டாசியில் எடுப்பது. போன வருஷம் நானே அளவு போட்டு, ஒத்திகையாகக் கொஞ்சம் செய்தேன். என் கையால் செய்த முதல் பீர். அதைத்தான் பிளாஸ்க்கில் கொண்டு வந்தேன்.

அவர் மோந்துகூடப் பார்க்கவில்லை. "இந்தக் கருமத்த வீட்டுக்கே கொண்டாந்துட்டியா" என்று கவிழ்த்தார். அத்தை பேசாமல் நின்றார். குடித்துப் பார்த்துவிட்டு, "நல்லால்ல, விட்டுரு" என்று யாராவது ஒருத்தர் சொல்லியிருந்தால் உட்கார்ந்து பேசியிருப்பேன். ருசி பார்க்காமலே தீர்ப்புச் சொன்ன வீட்டுக்கு நான் எப்படித் திரும்பி வருவது?

இன்னொன்று. முன்பு பால் பண்ணையில் வேலை பார்த்தபோது என் கையில் எப்போதும் புளித்த மோர் வாசனை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடப்பார். யார் பார்த்தாலும் விடமாட்டார். இப்போது பார்லி வாசனை. அதுவும் புளிக்கவைக்கிற வேலைதான், இதுவும் புளிக்கவைக்கிற வேலைதான். அந்தக் கை பிடித்தது, இந்தக் கை ஏன் பிடிக்கவில்லை? இதை அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

திருமலைராயன்பட்டினத்தில் என் அண்ணன் சிவராமன் வக்கீல் பார்த்திருக்கிறார். அக்டோபர் பதினைந்து என்று சொல்லியிருக்கிறார்கள்.

சிவப்ரியா


பூவம்
ஆவணி 27

அன்புள்ள சிவப்ரியாவுக்கு,

உன் கடிதத்தை நானே படித்தேன்! கொல்லையில் விறகு அடுக்கியிருக்கும் பக்கம் யாரும் வரமாட்டார்கள். சுவர் ஓரமாக உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக் கூட்டி, முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. சில இடம் திரும்பத் திரும்பப் படித்தேன். உன் குரலே காதில் கேட்டது. எத்தனை வருஷமாயிற்று ஒரு குரல் முழுசாகக் கேட்டு.

நீ கேட்டது நியாயம். ருசி பார்க்காமல் கொட்டியது தப்பு. விதைநெல்லை முளைகட்டிச் சாக்கைப் பிரிக்கும்போது ஒரு வாசனை வருமே, உன் பார்லிக்கும் அது இருக்குமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். ஆகவே நான் வருகிறேன். பிறந்ததிலிருந்து கள்ளு, சாராயம் எதுவும் தொட்டதில்லை. உன் கையால் செய்ததை ஒரு டம்ளர் குடித்துப் பார்த்து, நல்லதோ கெட்டதோ உள்ளபடி சொல்கிறேன். அதற்கு முன் கையெழுத்துப் போடாதே.

ஒன்றுதான் இடிக்கிறது. புரட்டாசி பிறக்கப் போகிறது. கார்த்திகேசன் சின்னப் பிள்ளையாக ஜன்னி கண்டு கிடந்தபோது உன் அத்தை பெருமாளுக்கு நேர்ந்துகொண்டாள். புரட்டாசி முழுக்க வீட்டில் கவுச்சி, போதை எதுவும் கூடாது. அன்றிலிருந்து இன்றுவரை தவறியதில்லை. ஐப்பசி பிறக்கட்டும். முதல் பஸ் பிடித்து வந்துவிடுகிறேன். பங்குனியிலிருந்து இருந்தது இன்னும் கொஞ்ச நாள் இருக்காதா?

அந்த வாழை சாகவில்லை. குலை தள்ளி, வெட்டியும் ஆயிற்று. பக்கக்கன்று என் உயரம் வந்துவிட்டது.

சுப்பையன்


புதுச்சேரி
செப்டம்பர் 18

மாமா,

'ஐப்பசி பிறக்கட்டும்.'

உங்கள் வீட்டில் எனக்குக் கிடைத்த பதில் எல்லாமே இதுதான். அறுவடை முடியட்டும். அத்தைக்கு முழங்கால் சரியாகட்டும். அவருக்கு வேலை நிரந்தரமாகட்டும். வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை. எல்லாம் அப்புறம், அப்புறம்.

இது பழைய அரிசி இல்லை, வைத்திருந்து எடுக்க. திறந்த பிறகு வேகமாகத் தீர்ந்துவிடும். தீராவிட்டாலும் ருசி செத்துவிடும். இருபதாம் தேதி திறக்கிறோம். இந்த முறை பெரிய பீப்பாய்கள், முழுப் பொறுப்பும் என்னுடையது. பெயர்ப்பலகையில் என் பெயரைப் போட்டிருக்கிறார்கள். ஐப்பசிக்குள் காலியாகிவிடும். அதற்குள் வக்கீல் தேதியும் வந்துவிடும்.

உங்கள் விரதத்தைக் கெடுக்கச் சொல்லவில்லை. எனக்கு அந்த உரிமை இல்லை. நீங்கள் எழுதியதே போதும் என்று நினைத்துக்கொள்கிறேன். நீங்களும் அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள்.

வாழை பிழைத்ததில் சந்தோஷம்.

சிவப்ரியா


பூவம்
புரட்டாசி 13

அம்மாடி சிவப்ரியா,

உன் கடிதம் சின்னதாக இருந்தது. அதனால் சீக்கிரம் படித்துவிட்டேன். அப்புறம், அப்புறம் என்ற அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது.

மறுநாள் காலை அதே விறகுப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். உன் அத்தை கமலாம்பாள் வந்து எதிரில் நின்றாள். காதருகில் குனிந்தாள்.

"ஏங்க, புரட்டாசி வெரதம் யாரு நேந்துக்கிட்டது?"

"நீதான்."

"யாருக்காவ?"

"கார்த்திக்கு ஜன்னி கண்டப்ப, பொழைக்கணும்னு."

"பொழைச்சுட்டான். பொழைச்சு என்ன பண்றான்? ஒண்டியா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு பள்ளிக்கூடம் போறான், வர்றான். அவன் நல்லாருக்கணும்னு நேந்துக்கிட்டவ நான். உங்களுக்கு மட்டும் ஒரு நாள் விலக்குக் குடுக்குறேன்னு பெருமாள்ட்ட சொல்லிட்டேன். அவரு ஒண்ணும் சொல்லல. போயிட்டு வாங்க. சனிக்கெழம மட்டும் வேணாம். வந்ததும் தலைக்கு ஊத்திக்கிட்டுத்தான் உள்ள வரணும், ஆமா."

நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கே போக வேண்டும், எதற்குப் போக வேண்டும் என்று அவளிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை அம்மா. உனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியிருக்கிறேன். பெண்களுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது.

கார்த்திகேசனும் ஒரு மாதிரியாக இருக்கிறான். கொல்லைப் பக்க ஜன்னலுக்கு அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு காலாண்டுப் பரீட்சைத் தாள் திருத்துகிறான். கட்டு குறைந்தபாடில்லை.

நாற்றங்காலில் கொஞ்சம் வேலை இருக்கிறது. முடித்துவிட்டு வருகிற வாரம் ஒரு நாள் வந்து நிற்பேன். எனக்கு ஒரு டம்ளர் மிச்சம் இருக்கட்டும்.

சுப்பையன்


புதுச்சேரி, உன் கடை மேசை
புரட்டாசி 21

சிவப்ரியா,

நான் வந்துவிட்டேன். நீ இல்லை.

பூவத்தில் முதல் பஸ் ஏறினேன். பஸ்ஸின் நெற்றியில் 'புதுச்சேரி' என்று நானே படித்து ஏறினேன். யாரையும் கேட்கவில்லை. உன் கடை வாசலில் பலகையில் உன் பெயரையும் படித்தேன். வேட்டியோடு உள்ளே போகலாமா என்று நின்றேன். பரிமாறுகிற பெண் வந்தாள். பெயர் பிரதீபாவாம்.

"ஐயா, சாப்பாடு இன்னும் ஆகல, கொஞ்சம் லேட்டாகும்" என்று சத்தமாகச் சொன்னாள்.

"சாப்பாடு வேணாம்மா. எங்க மருமவ காய்ச்சுனதுல ஒரு டம்ளர் குடு" என்றேன். கடையே திரும்பிப் பார்த்தது.

அப்புறம்தான் சொன்னாள். "அக்கா இன்னிக்கு லீவுங்கய்யா. வக்கீலப் பாக்க ஊருக்குப் போயிருக்காங்க. தேதிய முன்னாடி மாத்திட்டாங்களாம்."

நான் இங்கே வரும்போது நீ அங்கே போயிருக்கிறாய். எதிர் எதிர் பஸ்ஸில் கடந்திருப்போம். இந்நேரம் கையெழுத்துப் போட்டிருப்பாயோ என்று நினைத்தால் டம்ளரைத் தூக்க மனம் வரவில்லை. ஆனாலும் வாக்குக் கொடுத்தேன். போட்டாலும் போடாவிட்டாலும் உனக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது. அதை இங்கேயே எழுதி அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

கண்ணாடி டம்ளரில் கொண்டு வந்தாள். நிறம் நல்ல தேன் நிறம். எதிரில் தூக்கிப் பிடித்தால் ஜன்னல் தெரிகிறது. மேலே நுரை. முதல் வாயில் மீசை முழுக்க நுரை ஒட்டிக்கொண்டது. பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். முதலில் கசப்புத்தான் தெரிந்தது. துப்பிவிடலாமா என்று பார்த்தேன். விழுங்கிய பிறகு வாயில் வறுத்த அரிசி மாதிரி ஒன்று வந்தது. பிறகு ரொட்டியின் கருகின ஓரம். இரண்டாவது வாய் குடித்தேன். லேசாகத் தித்திப்பு எட்டிப் பார்த்துவிட்டு உடனே போய்விட்டது. கடைசியில் வேப்பம்பூ ரசம் குடித்தபின் தொண்டையில் நிற்குமே, அது மாதிரி ஒரு கசப்பு. சாக்கு வாசனை இருக்கிறதா என்று மோந்து மோந்து பார்த்தேன். இல்லை. அது நான் தப்பாக நினைத்தது.

உள்ளபடி சொல்கிறேன் என்றேன் அல்லவா. எனக்குப் பிடிக்கவில்லை அம்மா. பாதிக்கு மேல் போகவில்லை. எனக்கு நீராகாரமே போதும். ஆனால் இது அரைகுறையாகச் செய்தது இல்லை. ஒவ்வொன்றும் வரவேண்டிய நேரத்தில் வந்து, போகவேண்டிய நேரத்தில் போகிறது. யாரோ பக்கத்திலேயே இருந்து பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். கொட்ட வேண்டிய பொருள் இல்லை. மிச்சத்தை நான் கொட்டவில்லை. மூடி வைக்கச் சொல்லிவிட்டேன். அந்தப் பெண் சிரித்தாள்.

பஸ்ஸுக்கு நேரமாகிறது.

சுப்பையன்


புதுச்சேரி
அக்டோபர் 9

மாமா,

உங்கள் கடிதத்தை மேசை துடைக்கிற இடத்தில் நின்றுகொண்டே படித்தேன். பிரதீபா உங்கள் பாதி டம்ளரை மேலே ஒரு தட்டுப் போட்டு மூடி, என்னிடம் காட்டுவதற்காக வைத்திருந்தாள். நுரை அடங்கிப்போயிருந்தது. அதைப் பார்த்து அழுதேன். 'எனக்குப் பிடிக்கவில்லை' என்ற வரியைத்தான் அதிக தடவை படித்தேன். இத்தனை நாளில் எனக்குக் கிடைத்த முதல் நேர்மையான பேச்சு அது.

ஆனால் இன்னொன்று கேட்க வேண்டும். கோபத்தோடுதான் கேட்கிறேன்.

வக்கீல் வீட்டில் எல்லாம் தயாராக இருந்தது. அண்ணன் பேனாவைத் திறந்து என் கையில் கொடுத்தார். அப்போது உங்கள் மகன், "கொஞ்சம் இருங்க மச்சான்" என்றார். என்னைப் பார்க்காமல், மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "மோர் வாசன அடிச்ச கையத்தான் பஸ் ஸ்டாண்டுலேருந்து புடிச்சிக்கிட்டு நடந்தேன். அது உண்மதான். இப்ப ஏன் புடிக்கலன்னு கேட்டா எனக்குப் பதில் தெரியல. தெரியாம எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன்."

வக்கீலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அண்ணனுக்கு ஆத்திரம். "என்ன மாப்ள, வெளையாடுறீங்களா?" என்றார். அந்த வரி நான் உங்களுக்கு எழுதியது, உங்களுக்கு மட்டும். பேனாவை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

என் கடிதத்தை அவரிடம் காட்டினீர்களா? நல்லது நினைத்துத்தான் செய்திருப்பீர்கள். ஆனால் உங்களை நம்பி எழுதினேன் மாமா. உங்கள் வீட்டில் நான் நம்பிய ஒரே ஆள் நீங்கள். உண்மையைச் சொல்லுங்கள். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

பீப்பாயின் அடியில் இருந்ததை ஒரு ஜாடியில் நிரப்பி, மூடி, குளிர் அறையில் வைத்திருக்கிறேன். யாருக்கென்று எனக்கே தெரியவில்லை.

சிவப்ரியா


பூவம்
புரட்டாசி 28

என் அருமை மருமகள் சிவப்ரியாவுக்கு,

காட்டவில்லை. பெருமாள் மேல் ஆணை. ஒரு கடிதத்தையும் யாரிடமும் கொடுக்கவில்லை. எல்லாம் என் இடுப்புப் பையில்தான் இருக்கின்றன. ஆனால் அவனுக்குத் தெரிந்தது என்னால்தான். எப்படி என்று எனக்கே நேற்றுத்தான் தெரியும்.

உன் கடிதத்தை வாங்கிக்கொண்டு வழக்கம்போல் விறகுப் பக்கம் போய் உட்கார்ந்தேன். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். 'என் கடிதத்தை அவரிடம் காட்டினீர்களா' என்ற இடம் வந்ததும் படிப்பதை நிறுத்தினேன். தலை நிமிர்ந்து பார்த்தால் கார்த்திகேசன் எதிரில் நிற்கிறான். ஜன்னலிலிருந்து கூப்பிட்டிருக்கிறான், எனக்குக் கேட்கவில்லை. சுற்றிக்கொண்டு ஓடி வந்திருக்கிறான். காதில் வாயை வைத்துக் கத்தினான்.

"நீங்க காட்டலன்னு எழுதுங்கப்பா! நீங்க படிச்சது எனக்குக் கேட்டுச்சு!"

"நான் எங்கடா படிச்சேன்? மனசுக்குள்ளதான படிச்சேன்!"

"மனசுக்குள்ளயா? தெருமுனை வரைக்கும் கேக்குதுப்பா!"

சிவப்ரியா, எனக்கு மனசுக்குள் படிக்கத் தெரியாது. வகுப்பில் எல்லாரும் சத்தமாகத்தானே சொல்லிப் படிக்கிறோம். வாயால் சொன்னால்தான் எழுத்து எழுத்தோடு சேருகிறது. என் காதுக்கு அது முணுமுணுப்பு. வீட்டுக்கு அது தண்டோரா. எழுதும்போதும் அப்படியே சொல்லிச் சொல்லித்தான் எழுதினேனாம். நம் இரண்டு பேர் கடிதமும் முதல் நாளிலிருந்து அந்த ஜன்னல் வழியாக உள்ளே போயிருக்கிறது. கமலாம்பாள் வேறு கொல்லைக் கதவில் சாய்ந்துகொண்டு சிரித்தாள்.

"புரட்டாசியில நம்ம வீட்டுல மீன் வாங்க மாட்டோம்னு தெரிஞ்சும் பட்டினச்சேரி மீன்காரி அமுதம் ஏன் கூடைய எறக்கி வச்சிட்டு நிக்கிறாளுன்னு நெனச்சீங்க? கத கேக்கத்தான்!"

நான் வெட்கத்தில் குறுகிப் போனேன். கடிதத்துக்குச் சத்தம் கிடையாது என்று உனக்கு முதன்முதலில் எழுதியவன் நான். கோபப்பட உனக்கு எல்லா நியாயமும் உண்டு. திட்டி எழுது. அதையும் எழுத்துக்கூட்டிப் படிக்கிறேன்.

ஆனால் நடந்ததை முழுசாகச் சொல்ல வேண்டும். உன் அத்தை உள்ளே போன பிறகும் கார்த்திகேசன் போகவில்லை. விறகுக் கட்டையில் உட்கார்ந்தான். "அந்த மொதக் கடுதாசி இருக்காப்பா? பஸ் ஸ்டாண்டு வரி வருமே" என்று கேட்டான்.

எடுத்து நீட்டினேன். "நீயே படியேன்டா, வாத்தியாருதான நீ" என்றேன்.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "அது எனக்கு எழுதுனது இல்லப்பா. நான் தொடக் கூடாது. நீங்க படிங்க."

படித்தேன். நான் எழுத்துக்கூட்டுகிற வேகத்துக்கு அவன் காத்துக்கொண்டிருந்தான். போனில் நீ பேசினால் பாதியில் வெட்டுவானே, அந்தப் பிள்ளைதான். ஒரு இடத்தில்கூடக் குறுக்கே பேசவில்லை. 'ஏன் பிடிக்கவில்லை' என்ற இடத்தில் மூச்சு வாங்க நிறுத்தினேன். தலையைக் குனிந்துகொண்டு என்னவோ சொன்னான். எனக்குக் கேட்கவில்லை. திருப்பிக் கேட்கவும் இல்லை. அது எனக்குச் சொன்னது இல்லை.

ஐப்பசி பிறந்ததும் நீ வரச் சொன்னால் வருகிறேன் என்கிறான். அந்த ஜாடியைப் பற்றியும் என் வாய் வழியாகக் கேட்டுவிட்டான். "குடிப்பியாடா?" என்றேன். "தெரியல. கொட்ட மாட்டேன்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். நான் அதற்கு மேல் கூட்டி எழுத மாட்டேன். வரச் சொல்வதும் வேண்டாம் என்பதும் உன் இஷ்டம்.

இனிமேல் ஒரு ஏற்பாடு. உன் பதிலில், கவரின் மேல் என் பெயருக்குக் கீழே ஒரு வார்த்தை எழுது. 'வயல்' என்று எழுதினால் மோட்டார் கொட்டகைக்குப் போய், மோட்டாரையும் ஓடவிட்டுப் படிக்கிறேன். ஒரு ஈ காக்காய்க்குக் கேட்காது. 'கொல்லை' என்று எழுதினால் இதே விறகுப் பக்கம் உட்கார்ந்து நிறுத்தி நிதானமாகப் படிக்கிறேன். பரீட்சைத் தாள் எல்லாம் திருத்தி முடிந்துவிட்டது. ஆனாலும் அவன் நாற்காலியை ஜன்னலை விட்டு எடுக்கவில்லை.

எந்த வார்த்தை வந்தாலும், ஒன்றுமே வராவிட்டாலும், அடுத்த வாரம் நான் எழுதுவேன். இந்த வயதில் பிடித்த பேனாவை இனி யார் சொன்னாலும் கீழே வைக்க மாட்டேன்.

சுப்பையன்